தவக்காலத்தில் ஓடிய மிஷின்

தவக்காலத்தில் எங்கள் தெருவில் தையல் மிஷின் சத்தம் கேட்காது. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது, புதுத்துணி கிடையாது, வீட்டில் கறி வாசனை கிடையாது. விவேக் நகரில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் முன்னறையில் அத்தையின் மிஷின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு போர்த்தியிருக்கும். கிழிந்ததை ஒட்டுப் போட, நைந்த காலரைத் திருப்பித் தைக்க, இப்படி ஏதாவது ஒன்றுக்குத்தான் அதை விலக்குவார்கள்.

எனக்குப் பதினொரு வயதானபோது வந்த தவக்காலத்தில் அந்த மிஷின் ஓடியது. அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு வியாதி இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகவில்லை. எங்களோடுதான் இருந்தாள். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா வீட்டில். அத்தை முன்னறையில் ஜாக்கெட்டும் ஃபிராக்கும் தைத்தாள். அவள் பக்கத்தில் போனால் மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் சேர்ந்த வாசனை அடிக்கும். அப்பா, அம்மா இரண்டு பேருமே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதுக்கு மேலும் அவள் பாப்பாதான்.

டிசம்பரில் அத்தை வேறு ஆளாகிவிடுவாள். எங்கள் பகுதியில் டிசம்பரில் எந்த டைலரும் சரியாகத் தூங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு புதுத்துணி. எல்லோரும் கடைசி நேரத்தில்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். மற்ற டைலர்கள் கண் சிவந்து, எரிந்து விழுந்துகொண்டு தைப்பார்கள். அத்தை பாடிக்கொண்டு தைப்பாள். நின்றபடியே சாப்பிடுவாள். டேப் வைக்காமல் பார்த்தே அளவு சொல்வாள். துணி கொடுக்க வந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்பதற்காகவே உட்கார்ந்துவிடுவார்கள்.

"போன வருஷ அளவே வச்சுக்கோம்மா" என்று சொன்ன ஒருத்தியிடம், "போன வருஷம் நீ இருந்த அளவுக்கு இந்த வருஷம் ஒரு கைதான்க்கா வரும்" என்று சொன்னாள். அந்த அக்கா கோபப்படவில்லை. தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஜனவரியில் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

இதற்கு வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது: உழைத்துக் களைத்துவிட்டாள். தெருமுனை டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுப்பார். கறுப்பாக, இரும்பு வாசனையோடு இருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டன் கடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் வேறு விளக்கம் இருந்தது: கண் பட்டுவிட்டது. உப்பும் மிளகாயும் எடுத்துவந்து சுற்றிப் போட்டுவிட்டுப் போவார். பிப்ரவரி முடிவதற்குள் அத்தை மெல்ல எழுந்து உட்காருவாள். டானிக் வேலை செய்தது என்று அப்பா சொல்வார். மிளகாய் வேலை செய்தது என்று பட்டன் கடை அம்மா சொல்வார். எல்லோர் வீட்டிலும் அத்தை இரண்டு விதமாகத்தான் இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் சொல்கிற வருஷத்து ஜனவரி மோசமாக இருந்தது. அத்தை குளிப்பதை நிறுத்தினாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். "ஊசில நூல் கோக்க வரல அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னாள். "கண்ணு தெரியுது. நூலு தெரியுது. ஊசியும் தெரியுது. எதுக்குக் கோக்கணும்னுதான் தெரியல." ஒரு நாள் மத்தியானம், தூங்கினால் எழுந்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பினாள். சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "நாளைக்கு லீவு போடுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் மனநல ஆஸ்பத்திரி. எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் அப்பா அதற்கு முந்தின நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினார். அங்கே இறங்கி நாங்கள் நடந்து போனோம்.

டாக்டர் அறைக்குள் அப்பாவும் அத்தையும் போனார்கள். அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து, மாத்திரைச் சீட்டோடு அப்பா வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. மனச்சோர்வு வியாதியாம், மாத்திரையில் சரியாகுமாம். மரத்தடியில் டீ குடிக்கும்போது அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கேட்டார் பாரு ஒரு கேள்வி. இதுக்கு முன்னாடி எப்பவாவது ரொம்ப சந்தோஷமா, தூக்கமே இல்லாம, நிறையப் பேசிக்கிட்டு இருந்தாங்களான்னு. சந்தோஷத்துக்கும் மருந்து குடுப்பாங்க போல."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னேன்."

அம்மாவும் அப்போது சிரித்தாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அப்பா பொய் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் டிசம்பர் என்பது சீசன். ராத்திரி பகலாகத் தைப்பது தொழில். அதை டாக்டரிடம் வியாதி என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது. வேறு தொழில் செய்கிற ஒரு குடும்பமாக இருந்தால், அந்தக் கேள்விக்கு வேறு பதில் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாத்திரை வேலை செய்தது. அத்தை எழுந்து உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்தாள். முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச். அங்கே அப்பா நன்றிப் பூசைக்குப் பணம் கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த அத்தை, மிஷின் மேலிருந்த விரிப்பை எடுத்து மடித்து வைத்தாள்.

முதலில் ஜன்னல் திரைகள் தலையணை உறைகளாயின. பிறகு அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடுத்த நல்ல புடவை எனக்குப் பாவாடையானது. விடிவதற்கு முன்னாலேயே பெடல் சத்தம் கேட்கும். வெளியே போனால் துணி மூட்டையோடு திரும்பி வருவாள். காய்காரரிடம் கன்னடத்தில் ஆரம்பித்து உருதுவில் சண்டை போட்டுத் தமிழில் முடிப்பாள். அவரும் மூன்று மொழியிலும் தோற்றுப்போய் கூடுதலாக ஒரு கொத்துக் கொத்தமல்லி கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அது கிறிஸ்துமஸ் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பட்டன் கடை அம்மா வாசலில் நின்று கேட்டார்: "இன்னாமா இது, தவக்காலத்துல மிஷின் சத்தம்? சாமி காதுல விழாது?"

"விழட்டும்க்கா. நாள் பூரா உங்க சத்தத்தையே கேட்டு அலுத்துப்போயிருப்பாரு. இதக் கொஞ்சம் கேக்கட்டும்."

பட்டன் கடை அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அம்மா ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னாள். திரும்பி வந்து மிஷின் பக்கத்தில் நின்று, அத்தையின் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், பாடுகளின் வாரம் நெருங்கும்போது, கோயிலில் இருக்கிற சிலைகளை, அதாவது சுரூபங்களை, துக்கத்துக்கு அடையாளமாக ஊதாத் துணியால் மூடுவார்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயிலின் பழைய உறைகள் வெளுத்துப்போயிருந்தன. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை புதுத்துணியை ஒரு கட்டாக அத்தையிடம் கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொரு சுரூபத்தின் உயரத்தையும் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குள் உறைகள் வேண்டும்.

சனிக்கிழமைக்குள் ஃபிராக்குகள் தயாராயின. எங்கள் தெருவில் இருந்த சிறுமிகள் எல்லோருக்கும். பளபளவென்ற ஊதா, கையில் பஃப், இடுப்பில் பின்னால் கட்டுகிற பெல்ட். அத்தை யாரையும் கூப்பிட்டு அளவெடுக்கவில்லை. ஒருத்திக்குக்கூட அளவு தப்பவில்லை. இதுபோல ஒரு துணி பிறகு என் உடம்பில் உட்கார்ந்ததே இல்லை. அந்த ஃபிராக் என்ன ஆனது என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டபோது, நினைவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நாங்கள் ஊதா வரிசையாகக் கோயிலுக்குள் நுழைந்தோம். பெற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. இனாமாக வந்த துணி, பிள்ளைகள் கழற்ற மறுத்துவிட்டார்கள். உள்ளே சுரூபங்கள் மூடப்படாமல் நின்றன. கோயில்பிள்ளை எங்களைப் பார்த்தார், சுரூபங்களைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

பூசை நடுவில் அத்தை எழுந்து நின்று, கணீரென்று சொன்னாள்: "சாமிக்கு எதுக்கு முகத்த மூடணும்? வருஷம் பூரா நம்மளப் பாத்தவரு, இந்த ரெண்டு வாரம் மட்டும் பாக்கக் கூடாதா? பிள்ளைங்க போட்டுக்கட்டும்!"

அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்கு அப்போது பட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. பாட ஆரம்பித்தாள், அழுதாள், சிரித்தாள், பீடத்தை நோக்கி நடந்தாள். அம்மா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். ஃபாதர் பூசையைத் தொடர்ந்தார். முடிந்ததும் அப்பாவிடம், "துணி கிடக்கட்டும். அந்தப் பொண்ண கவனிங்க" என்று மட்டும் சொன்னார்.

தெரு அன்று மத்தியானமே முடிவுக்கு வந்துவிட்டது: பேய். பட்டன் கடை அம்மா சொன்ன வழியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அத்தை மிஷினில் இருந்தாள்.

"ஊருக்கு வெளிய ஒரு ஜெபக்கூடம் இருக்காம். ஒரு மாசம் அங்கயே வச்சிருந்து ஜெபம் பண்ணி அனுப்புவாங்களாம்."

"வச்சிருப்பாங்கன்னா? கட்டி வச்சிருப்பாங்களா?"

அப்பா ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டார். சங்கிலி போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் அம்மா.

"அந்த வியாதிதான் சரியாப் போச்சே. நன்றிப் பூசையே வச்சாச்சு. இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் டாக்டரக் கேக்கலாம்ங்கறேன்." அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "அன்னிக்கி அவர் உங்களக் கேட்டாரே, ரொம்ப சந்தோஷமா இருந்தாங்களான்னு. கிறிஸ்துமஸ் பத்தி ஏன் சொல்லல?"

"அது சீசன். சீசன்ல எந்த டைலர் தூங்கறான்?"

"தெருமுனை டைலரும்தான் தூங்கறதில்ல. அவர் ஜனவரியில சுவத்தப் பாத்துப் படுத்துக்கறாரா? இப்ப சீசனே இல்ல. ஒருத்தரும் ஆர்டர் குடுக்கல. ஆனா அதே பாட்டு, அதே பேச்சு, அதே மாதிரி நின்னுக்கிட்டே சாப்பாடு. டிசம்பர் மறைச்சு வச்சிருந்தத தவக்காலம் காட்டிக் குடுத்துடுச்சு."

அப்பா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார்: சிக்பேட்டையில் துணி வாங்கப் போகிறோம் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா, அடுத்த தடவ என்கூட வரமாட்டா" என்றாள் அம்மா. "அடுத்த தடவன்னு ஒண்ணு வரும். நெஜத்தச் சொல்லியே கூட்டிட்டுப் போறேன்."

சொன்னாள். அத்தை சிரித்தாள். "நீ போ அண்ணி. கதவு திறந்துதான் இருக்கு. உனக்குத்தான் தேவை" என்றாள். அம்மா மறுநாளும் கேட்டாள். அதற்கு அத்தை பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அம்மா கஞ்சியை மிஷின் பலகையில் வைத்துவிட்டு, "நாளைக்கும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை, பெடல் சத்தம் நடுவில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். அத்தையின் ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கி, துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது. தையல்காரர்களுக்கு இது நடப்பதுதான். கத்துவார்கள், சக்கரத்தைத் திருப்பி ஊசியை எடுப்பார்கள். அத்தை கத்தவில்லை. விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து சக்கரத்தைத் திருப்பினாள்.

"அண்ணி" என்றாள் அத்தை. அந்த வாரம் முழுக்க இல்லாத சின்னக் குரல். "வலிக்கல அண்ணி. வலிக்கணும் இல்ல?"

"வலிக்கணும்."

"அப்ப வா, போலாம். இப்பவே போலாம். கொஞ்ச நேரம் போனா நான் வரமாட்டேன்."

என்னைத் தனியே விட முடியாததால் நானும் ஆட்டோவில் இருந்தேன். வழியெல்லாம் அத்தை பாடினாள். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பாத்து ஓட்டுப்பா" என்றாள் அம்மா. "பாட்டு காதுலதான் கேக்கும்."

அப்பா தொழிற்சாலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்த முறை எல்லோரும் உள்ளே போனோம். அதே டாக்டர். கன்னடக்காரர், தமிழ் புரியும். "ஹேளி அம்மா, சொல்லுங்க" என்று இரண்டு மொழியிலும் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்கு முன் அப்பா முந்திக்கொண்டார்.

"டாக்டர், போன தடவ நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் இல்லன்னுட்டேன். அது தப்பு. வருஷா வருஷம் டிசம்பர்ல அப்படித்தான் இருப்பா. நாங்க அத வேலைன்னு நெனச்சோம்."

டாக்டர் திட்டவில்லை. எத்தனை வயதிலிருந்து, எத்தனை நாள் நீடிக்கும், தூக்கம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாததை அத்தை சொன்னாள், வேகமாக, நடுநடுவே அறுந்து அறுந்து. கடைசியில் டாக்டர் மேஜைமேல் கையை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டினார். இது இரண்டு வியாதி இல்லை, ஒன்றுதான். மேலேயும் போகும், கீழேயும் வரும். கீழே இருக்கும்போது மட்டும் பார்த்ததால் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதிக்குக் கொடுத்த மாத்திரையே மேலே தூக்கிவிட்டிருக்கலாம். அப்போது அதற்கு மேனிக் டிப்ரெஷன் என்று பெயர். இப்போது பைபோலார் என்கிறார்கள்.

"அப்ப டிசம்பர்ல இருக்கறது நான் இல்லையா?" என்று அத்தை கேட்டாள். "ஜனவரிதான் வியாதின்னு நெனச்சேன். டிசம்பர்தான் நான்னு நெனச்சேன்."

"ரெண்டும் சேர்ந்துதான் வியாதி. நடுவுல இருக்காங்களே, அவங்கதான் நீங்க."

"நடுவுல இருக்கறவள எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லையே டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அத்தையை அங்கேயே சேர்த்துக்கொண்டு, கூட ஒருவர் தங்க வேண்டும் என்றார்கள். அம்மா தங்கினாள். ஈஸ்டர் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அப்பா முதல்முறையாகச் சமைத்து, அடுக்குக் கேரியரில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். இப்போது சரியான நிறுத்தத்துக்கே டிக்கெட் வாங்கினார். தோட்டத்துப் பெஞ்சில் மூடியைத் திறந்து பார்த்த அத்தை, "அண்ணி, இத நீ சாப்புட்டா உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லணும்" என்றாள். வார்த்தைகள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் அது அவள் பேச்சுதான்.

நம்மில் பலர் இப்போது யாராவது ஒருவரை டாக்டரிடம் கூட்டிப் போகிற வயதில் இருக்கிறோம். நம்மையும் யாராவது கூட்டிப் போகிறார்கள். கெட்ட நாட்களை மட்டும் சொல்லிவிட்டு வருகிற பழக்கம் நமக்கு உண்டு. அந்த ஆள் மிக நன்றாக இருந்ததாக நாம் நினைக்கிற நாட்களையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த அத்தை எனக்குப் பிடித்த அத்தையாக இல்லை. கொஞ்சம் பருத்திருந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். லித்தியம் என்று ஒரு மாத்திரை. அதற்காக அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் கை நடுங்கியது.

நடுக்கம் மிக மெல்லியது. தம்ளரைப் பிடித்தால் தெரியாது. ஊசியைப் பிடித்தால் தெரியும். மிஷினில் நேர்த் தையல் எப்படியோ ஓடிவிடும். கையால் போடுகிற காஜா, பட்டன் துளையைச் சுற்றி வருகிற தையல், கோணிக்கொண்டது. ஒருத்தி ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள்.

"நல்லாத்தானே இருக்கே" என்றார் பட்டன் கடை அம்மா. "இன்னும் இன்னாத்துக்கு அந்த மாத்திர? கையப் போய்க் கெடுத்துக்கிட்டு. உன் பொழப்பே கைதான்."

அவர் கெடுதல் நினைக்கவில்லை. கை போனால் தொழில் போகும், மாத்திரை போனால் அத்தை போவாள். அன்று சாயங்காலம் அத்தை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு, "நாளைக்கு நான் டாக்டரப் பாக்கணும்" என்றாள். "நானே போறேன். சண்ட போடணும்."

பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். வரிசையாகக் காஜாக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து.

"இது நான் போட்டது. பாருங்க."

டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

"மாத்திரைய நிறுத்தறேன்னு சொல்ல வரல. நிறுத்தமாட்டேன். ஆனா தைக்காம இருக்கறதுக்கு நான் பொழச்சு வரல. கைக்கு இன்னா பண்ணுவீங்க, சொல்லுங்க."

ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை இருக்கிறது, அதையும் பார்க்கலாம். "ஆனா முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்."

"பாதி போகட்டும். மீதியோட நான் பேசிக்கிறேன்."

பாதிக்குமேல் போனது. மீதிக்கு அவள் பழகினாள். மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு காஜா போடக் கற்றுக்கொண்டாள். அதில் வேகம் இல்லை. ஒரு ஜாக்கெட் எடுத்த நேரத்தில் முன்பு மூன்று முடித்திருப்பாள்.

நவம்பர் முடியும்போது அவளே அம்மாவை உட்காரவைத்து ஓர் ஏற்பாடு செய்தாள். பெடலையும் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பெல்ட் இல்லாவிட்டால் மிஷின் ஓடாது. சாயங்காலம் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அவள் அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். காலையில் காபி குடித்த பிறகுதான் திரும்ப வாங்குவாள். "நடுவுல நான் கேட்டா குடுக்காத. அழுதாலும் குடுக்காத. இப்ப பேசறது நான். அப்ப கேக்கறது யாருன்னு நமக்குத் தெரியாது."

டிசம்பர் வந்தது. வாசலில் அப்பா நின்றார். துணியோடு வருகிறவர்களிடம், "ராத்திரியில மிஷின் ஓடாது. குறைச்சுத்தான் எடுப்பா" என்றார். ஏன் என்று கேட்டவர்களிடம், "வியாதி. மாத்திரை சாப்புடறா. தூங்கணும்" என்று சொன்னார். பட்டன் கடை அம்மாவே தன் துணியை எடுத்துக்கொண்டு தெருமுனை டைலரிடம் போனார். பல வீடுகள் அவர் பின்னால் போயின.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால், ஒரு சாயங்காலம், பெல்ட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போன அத்தை திரும்பி வந்தாள். கண்ணில் ஒரு மினுமினுப்பு இருந்தது.

"அண்ணி, பெல்ட்டக் குடு. ஒரே ஒரு ஃபிராக். கைய மட்டும் வச்சுத் தச்சா முடிஞ்சது."

"காலையில குடுக்கறேன்."

"அண்ணி, எனக்கு இன்னிக்கி கை நடுங்கவே இல்ல, பாரு. மனசு பறக்குது. எவ்வளவு நாளாச்சு தெரியுமா இப்படி இருந்து?"

"தெரியும். அதனாலதான் காலையில."

"என் மிஷின். என் பெல்ட். நான் இன்னா உன் வீட்டு வேலைக்காரியா?"

அம்மா எழுந்திருக்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: "திட்டறதுன்னா திட்டு. குடுக்கமாட்டேன். நீதான் சொன்னே."

"நான் சொன்னது தப்பு."

"இருக்கலாம். காலையில ரெண்டு பேரும் டாக்டரக் கேப்போம்."

அப்பா கதவருகில் நின்றார், இரண்டு பேருக்கும் நடுவில் போகவில்லை. அத்தை மிஷின் பலகையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட் இல்லாத பெடலை மிதித்தாள். அது சத்தமில்லாமல் ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ப் படுத்தாள். காலையில் டாக்டரிடம் போனார்கள். அவர் மாத்திரை அளவை மாற்றினார், இரண்டு நாளில் வந்து காட்டச் சொன்னார், வந்ததற்கு அத்தையைப் பாராட்டினார். அத்தை இரவில் தூங்கினாள். மேலே போகவில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். எனக்குப் போன வருஷத்து ஃபிராக், கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கியது. அத்தை எடுத்த ஆர்டர் எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டாள். தனக்கென்று ஒன்றும் தைத்துக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் தெருவே புதுத்துணியில் இருந்தது, பெரும்பாலும் மற்றவர்கள் தைத்தது. சிலர் அத்தையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். சிலர் அம்மாவிடம் மட்டும் சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிரசங்கத்தின்போது அத்தை பட்டன் கடை அம்மாவின் முதுகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டு ஜாக்கெட். கழுத்து ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, தோளில் சுருக்கம் விழுந்திருந்தது.

அத்தை அம்மாவின் காதருகில் குனிந்தாள். எனக்கும் கேட்டது.

"பொங்கலுக்குள்ள அதப் பிரிச்சுத் தைக்கக் கொண்டாருவாங்க, பாரு. ஜனவரில நான் சும்மாதான் இருப்பேன்."

ஜனவரி என்ற வார்த்தையை அவள் வெறும் ஒரு மாதத்தின் பெயராகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.